ஜூஸ் கை நனைப்பதில் சேருமா

முதல் பழத்தின் காம்பைக் கிள்ளியதுமே தண்டபாணியின் பெருவிரல் கறுத்துவிட்டது. இன்னும் அரைக்கூடைப் பழம் பாக்கி, மணி ஒன்பதேகால், பதினொரு மணிக்குக் கோகிலவாணியும் அவளுடைய அண்ணனும் வீடு பார்க்க வந்துவிடுவார்கள். பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது முறைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் வருகிறவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருஷமாகச் செக்கிங்கில் வேலை பார்க்கிறவள், துணியை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்துக் கறை எங்கே, ஓட்டை எங்கே, தையல் எங்கே விட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம், அப்பேர்ப்பட்டவள் முன்னால் பத்து விரலும் கறுத்துப்போய் நிற்கப் போகிறோமே என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மல்பெரிப் பழத்துக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறான், எதற்கு, ஜூஸ் போட. காப்பி போட்டால் என்ன? உடுமலைப் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் காப்பிதான். ருக்குமணி அக்காகூட நேற்றே போனில் படித்துப் படித்துச் சொன்னாள், "காப்பி போடு, ரண்டு வாழப்பழம் வை, முறுக்கு வை, பேசாம இரு," என்று. அந்தப் 'பேசாம இரு'வை மட்டும் மூன்று தடவை சொன்னாள். பொள்ளாச்சியில் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கிறாள் அக்கா, இல்லாவிட்டால் நேரில் வந்து அவன் வாய்க்கும் ஒரு கட்டுப் போட்டிருப்பாள். காம்பு சின்னது, பச்சை, பழத்தின் நடுவரைக்கும் ஓடுகிறது, முழுக்க உருவினால் பழம் பிய்ந்துபோகிறது, உருவாமல் விட்டால் ஜூஸ் துவர்க்குமோ என்னவோ. பதினாறு வருஷமாக மல்பெரி வளர்க்கிறான், மூன்று ஏக்கர், எல்லாம் இலைக்காக, பட்டுப்புழுவுக்காக. பழத்தை யார் திரும்பிப் பார்த்தார்கள்? ஜூஸ் போடுவது இதுதான் முதல் தடவை.

எல்லாம் அந்தப் பதினோரு நிமிஷத்தால் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் கோகிலவாணியோடு போனில் பேசியது பதினோரு நிமிஷம், அதில் முதல் நாலு நிமிஷம் எந்த பஸ், எந்த நிறுத்தம், அங்கிருந்து எத்தனை தூரம் என்பதிலேயே போய்விட்டது, ஏதோ டவுன் பஸ் கண்டக்டரிடம் பேசுவது மாதிரி அவள் கேட்டாள், கண்டக்டர் மாதிரியே அவனும் சொன்னான். அப்புறம் சட்டென்று, "உங்க ஊட்ல ஆருங்க சமைக்கறது?" என்றாள். "நானுங்க," என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். மேலே யார் கேட்டார்கள், இவன் பாட்டுக்கு, "அம்மா போயி ஆறு வருசமாச்சுங்க, அதுல இருந்து நாந்தானுங்க, அப்பாவுக்குக் காது கேக்காதுங்க," என்று சொல்லி வைத்தான். காது கேட்காததற்கும் சமைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் நினைத்திருப்பாள், நல்ல வேளையாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தை வந்தது. "பட்டுப்பூச்சிச் செடியில பழம் புடிக்குமாமே, தின்னலாமுங்களா?" "தின்னலாமுங்க." "நான் தின்னதே இல்லீங்க." அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை, தின்ன வேண்டும் என்று சொல்லவில்லை, எடுத்து வையுங்கள் என்று சொல்லவில்லை. நான் ஏரோப்ளேனில் போனதே இல்லை என்று ஒருத்தர் சொன்னால் உடனே டிக்கெட்டா எடுத்துக் கொடுக்கிறோம்? இருந்தாலும் அந்த 'இல்லீங்க' நாலு நாளாக அவன் காதுக்குள்ளேயே குடியிருக்கிறது, தழை வெட்டும்போது, புழுவுக்குப் போடும்போது, பல் தேய்க்கும்போது. சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது, இறங்கியதா, இல்லை சிக்னல் போயிற்றா? முப்பத்தேழு வயதுக்காரி. இருபத்துநாலு வயதில் கல்யாணமாகி எட்டே மாதத்தில் திரும்பி வந்தவள், ஏன் வந்தாள் என்று இவன் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. அப்படிப்பட்டவள் தான் தின்னாத ஒரு பழத்தைப் பற்றி யாரிடமாவது சொல்கிறாள் என்றால் அதில் என்னமோ இருக்கத்தான் வேண்டும், அல்லது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இந்தப் பழம் அழுகல், இதைத் தூக்கிப் போடு.

காம்பு கிள்ளி முடித்துப் பழத்தை உப்புத் தண்ணீரில் போட்டான். பத்து நிமிஷம் ஊறவேண்டும், உள்ளே பூச்சி இருந்தால் மேலே வந்துவிடும். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரே ஒரு கட்டெறும்பு வந்தது, அதுவும் நீந்திக் கரையேறிப் பாத்திரத்தின் விளிம்பில் நின்று இவனைப் பார்த்தது. மருந்தே அடிக்காத பழம், அது நிச்சயம், மருந்து அடித்தால் புழு செத்துப்போகும், அதனால் அவன் தோட்டத்தில் மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டத்துக்காரர் மருந்தடிக்கிற அன்றைக்குக்கூட இவன் போய்க் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வருவான். இதை அவளிடம் சொல்ல வேண்டும், ஆனால் எப்படிச் சொல்வது, உங்களுக்கு விஷம் வைக்கவில்லை என்று சொல்வது மாதிரி ஆகிவிடக்கூடாது. சென்டு கூடாது, பவுடர் கூடாது, பீடி சிகரெட் கூடவே கூடாது, அந்த வாசனையெல்லாம் புழுவுக்கு ஆகாது. பதினாறு வருஷமாகப் பவுடர் போடாத முகம் இது, இன்றைக்காவது கொஞ்சம் போட்டுக்கொள் என்கிறாள் அக்கா, போட்டால் மத்தியானம் தழை போட எப்படி உள்ளே போவது? ஒரு பொம்பளையும் இல்லாத வீட்டில் நாற்பதாயிரம் புழுவுக்கு ஒருத்தன் பத்தியம் இருக்கிறான். சொன்னால் சிரிப்பார்கள். அவள் சிரிப்பாளா? போனில் ஒரு தடவை சிரித்தாள், அப்பாவுக்குக் காது கேட்காது என்று சொன்னபோது இல்லை, அதற்கு முன்னாலேயே, பஸ் நிறுத்தத்தில் ஆடு படுத்திருக்கும் என்று இவன் அடையாளம் சொன்னபோது. "ஆடு எந்திரிச்சுப் போயிருச்சுன்னா?" என்று கேட்டாள். அதற்கு இவன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது வியாழக்கிழமை மத்தியானம்தான் தோன்றியது.

ஆனால் பழம் பெரிய விஷயமில்லை, குடிப்பார்களா என்பதுதான் விஷயம். சம்பந்தம் பேசி முடிகிற வரைக்கும் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்கக் கூடாது. சாப்பாட்டில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். காப்பி மட்டும் குடிக்கிறவர்கள் உண்டு, பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவர்களும் உண்டு, கோகிலவாணியின் அண்ணன் ஜெகநாதன் எந்த ரகம் என்று தெரியவில்லை, தங்கை ஒரு தடவை பட்ட பாட்டுக்கு அவர் இரண்டாவது ரகமாக இருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. ஜூஸ் இதில் எங்கே வரும்? நேற்று அக்காவிடம் கேட்டான். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்: "அவங்க டம்ளரத்தானே தொடறாங்க, ஜூஸையா தொடறாங்க? கை நனையாது. சேராது." பிறகு அவளுக்கே சந்தேகம் வந்து, "ஆனாப் பழம்னா திங்கறது. திங்கறதக் கரைச்சுக் குடுத்தா அது திங்கறதாயிருமோ?" என்றாள். பிறகு, "எதுக்குடா இந்த வம்பு, காப்பி போடு," என்று ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்தாள். குடித்துவிட்டால்? ஒரு வாய் குடித்துவிட்டால்கூடப் போதும், அது கை நனைத்ததில் சேருமோ சேராதோ, அவன் கணக்கில் சேரும். குடிக்காமல் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோமுங்க," என்று எழுந்தால் அது தெரிந்த கதை. வேண்டாம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. எல்லோரும் யோசிக்கத்தான் போகிறார்கள். ஈரோட்டில் ஒரு குடும்பம் ஏழு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறது.

கை நனைப்பதை நினைத்ததும் அந்த நாள் வந்து முன்னால் நின்றது. வராதே என்றால் கேட்கிறதா? போன வருஷத்துக்கு முந்தின ஆவணி, தாராபுரம் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் ஆறு பேர் வேனில் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள், பெண்ணின் மாமா ஒருத்தர் புழு வளர்க்கிற செட்டைப் பார்க்கலாமா என்றார். பார்க்கலாமே! செட்டு வாசலில் ஒரு நீலப் பேசின் இருக்கும், அதில் மருந்துத் தண்ணீர், அதைத் தாண்டினால் சுண்ணாம்புத் தூள் தூவிய சாக்கு. யார் வந்தாலும், கலெக்டரே வந்தாலும், கையை அதில் முக்கி, காலைச் சாக்கில் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போகலாம், இல்லாவிட்டால் வெளியிலிருந்து நோய் புகுந்து ஒரே நாளில் அத்தனை புழுவும் கறுத்துச் சரிந்துவிடும். பதினாறு வருஷமாக வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அது அவன் வாயில் 'வாங்க' என்பது மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கும் அப்படித்தான், மாமாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "கைய நனைச்சுட்டு வாங்க," என்றான். மாமா அப்படியே நின்றுவிட்டார். "பேச்சே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள கை நனைக்கச் சொல்றீங்களே, என்ன மரியாதை இது?" இவன் பேசினைக் காட்டினான், புழுவைக் காட்டினான், நோய் என்றான், நோய் என்ற வார்த்தை இன்னும் மோசமாகப் போயிற்று. வேன் திரும்பிப் போனது. அதிலிருந்து டீக்கடையில் இவனைக் கண்டால் போதும், "என்ன தண்டபாணி, கை நனைச்சாச்சா?" என்பார்கள். முதல் மாதம் கோபம் வந்தது, அப்புறம் அதுவும் வரவில்லை. நாலு நாளாக நாக்கைப் பழக்கிக்கொண்டிருக்கிறான், 'கழுவிட்டு வாங்க', 'கழுவிட்டு வாங்க', நனைச்சு இல்லை, கழுவி. கண்ணாடி முன்னால் சொன்னால் சரியாக வருகிறது. கண்ணாடிக்குப் பதிலாக அவள் நின்றால்? அவளைச் செட்டுப் பக்கமே கூட்டிப் போகாமல் இருந்துவிடலாம், ஆனால் இந்த வீட்டில் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது. மூத்த புழு, கடைசித் தோலுரித்து மூன்றாம் நாள், வெள்ளை வெளேரென்று விரல் நீளத்துக்கு, தின்று கொண்டே இருக்கிறது. கழுவிட்டு. கழுவிட்டு.

தண்ணீரை வடித்துவிட்டுப் பழத்தை மிக்ஸியில் போடப் போனவன் நிறுத்தினான். மிக்ஸியில் போட்டால் விதை அரைபடும், கசக்கும், வேண்டாம், கையாலேயே பிசையலாம், கைதான் ஏற்கெனவே போய்விட்டதே. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு இரண்டு கையையும் உள்ளே விட்டான். குளிர்ந்து இருந்தது. முதலில் பழங்கள் வழுக்கி வழுக்கி ஓடின, பிறகு ஒவ்வொன்றாக விட்டுக் கொடுத்தன, விரல் இடுக்கில் சாறு ஏறியது, மணிக்கட்டு வரைக்கும் ஏறியது, ஒரு சொட்டு முழங்கையை நோக்கிப் போனது, துடைக்கக் கையில்லை. இந்தப் பழம் எல்லாம் ஒரே செடியினுடையது. மற்றதையெல்லாம் எழுபது நாளைக்கு ஒரு தடவை அடியோடு வெட்டித் தண்டோடு புழுவுக்குப் போட்டுவிடுவான், வெட்டுகிற செடி இப்படிக் காய்ப்பதில்லை. இது மோட்டார் ரூம் ஓரத்தில் பைப்புக்கு இடையில் முளைத்தது, அரிவாள் போனால் பைப்பை வெட்டிவிடும் என்று சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டான், விட்டதில் அது மரமாகிப் பழுக்கிறபோதெல்லாம் குருவிகளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. தன்னையும் யாரோ பைப்புக்கு இடையில் விட்டுவிட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு உண்டு, டீக்கடையில் சொன்னதில்லை, சொன்னால் அதற்கும் ஒரு பேர் வைப்பார்கள். ஆசைப்படுவதை அவன் நிறுத்திக் கொஞ்ச காலமாகிறது, நிறுத்தினால் நிம்மதியாகத்தான் இருக்கிறது, பசிக்கிறபோது சாப்பிட்டு, புழுவுக்குத் தழை போட்டு, அப்பாவின் காதருகில் கத்தி, நாள் போய்க்கொண்டிருந்தது. இப்போது மறுபடியும் ஆசை வந்துவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது. அவள் வேண்டாமென்று சொல்வது பெரிதில்லை, அதற்குப் பிறகு வருகிற திங்கட்கிழமை, அந்தத் திங்கட்கிழமையை எப்படிக் கடப்பது? ஆனாலும், ஆனாலும் என்று பிசைந்தான். இவ்வளவு சாறு வரும் என்று நினைக்கவே இல்லை. பழத்தைப் பார்த்தால் கைப்பிடிதான் தெரிகிறது, உள்ளே இத்தனை வைத்திருக்கிறது.

வெள்ளைத் துணியில் ஊற்றிப் பிழிந்தான், திப்பி துணியில் நின்றது, சாறு கறுப்பாகக் கீழே இறங்கியது, இதையா குடிக்கச் சொல்வது, மை மாதிரி இருக்கிறதே என்று ஒரு கணம் மனசு விட்டுப்போயிற்று. ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டான், அப்போது கொஞ்சம் முகம் தெளிந்தது. சர்க்கரை எவ்வளவு போடுவது? அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? பதினோரு நிமிஷத்தில் நாலு நிமிஷம் பஸ்ஸுக்குச் செலவழித்தவன் இதைக் கேட்டிருக்கலாம். இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி, உள்ளங்கையில் சொட்டு விட்டு நக்கிப் பார்த்தான், துவர்ப்பு. இன்னொன்று. தித்திப்பு, ஆனால் தித்திப்பு மட்டும். உப்பு ஒரு சிட்டிகை. எலுமிச்சங்காய் ஒன்றைப் பிழிந்தான், பிழிந்ததும் மை மாதிரி இருந்தது பளீரென்று சிவந்தது, பாத்திரத்துக்குள் விளக்குப் போட்டது மாதிரி ஆகிவிட்டது, அவன் வாய்விட்டு "அடேயப்பா" என்றான். அந்த நிறத்தைப் பார்த்த சந்தோஷத்தில் இன்னொரு எலுமிச்சங்காயையும் பிழிந்தான். அதற்கப்புறம் ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ ருசி பார்த்தபோது நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒன்றாகிவிட்டது, நல்லதா கெட்டதா என்று சொல்ல வீட்டில் வேறு நாக்கு ஒன்றுதான் இருக்கிறது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்று பார்த்தார். வெளுத்த சட்டை போட்டு, தலை சீவி, தயாராக இருந்தார், எண்பது வயதில் அவருக்குத்தான் இன்றைக்குக் கல்யாணம் என்கிற மாதிரி. "என்றா நாக்கெல்லாம் நீலமா இருக்குது?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். தண்டபாணி ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தான். அப்பா அண்ணாந்து குடித்தார், கண்ணை மூடினார், திறந்தார். "மருந்தா?" என்றார்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவியதில் சிவப்பு நீலமானது. எலுமிச்சந்தோல் வைத்துத் தேய்த்ததில் நீலம் மறுபடி சிவப்பானது. சாயப்பட்டறைக்காரன் கை இப்படித்தான் இருக்கும், திருப்பூரில் இதெல்லாம் அவள் பார்த்திருப்பாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வேட்டி மாற்றப் போனபோது வாசலில் ஸ்கூட்டி சத்தம். மணி பத்தரைதான் ஆகிறது. அரை மணி முன்னதாக வந்துவிட்டார்கள். பஸ்ஸில் வரப்போவதாகத்தானே நாலு நிமிஷம் பேசினோம், எட்டிப் பார்த்தான், கோகிலவாணிதான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள், பின்னால் ஜெகநாதன் ஹெல்மெட்டோடு இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தன நிறச் சேலை, தலையில் கொஞ்சம் கனகாம்பரம், வாசனையில்லாத பூ. அந்தப் பூவைப் பார்த்ததும் அவனுக்கு என்னவோ செய்தது, புழுவுக்கு வாசனை ஆகாது என்று யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு வைத்தாளா, இல்லை, கனகாம்பரம்தான் கிடைத்ததா? வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, "ஆட்டக் காணமுங்களே," என்றாள். தண்டபாணிக்கு வியாழக்கிழமை தோன்றிய பதில் இப்போது மறந்துபோயிருந்தது. "வாங்க, வாங்கொ," என்று மட்டும் இரண்டு கையையும் கூப்பினான். கூப்பிய கையை அவள் பார்த்தாள். விரல் விரலாகப் பார்த்தாள். துணி பார்ப்பது இப்படித்தான் போலிருக்கிறது.

உள்ளே உட்கார வைத்து, விசிறியைப் போட்டு, தட்டில் இரண்டு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தான். ஜெகநாதன் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், டம்ளரை நகர்த்தக்கூட இல்லை, பார்த்துவிட்டு மெதுவாக, "இருக்கட்டுமுங்க. பேச்சு முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்," என்றார். இரண்டாவது ரகம். தங்கையும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை வந்து கதவருகில் நின்றதுபோல அவனுக்கு இருந்தது. அப்பா ஒன்றும் கேட்காமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார்கள், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தண்டபாணிக்குத் தெரியும். நினைத்தது மாதிரியே கோகிலவாணி, "புழுவப் பாக்கலாமுங்களா?" என்றாள்.

செட்டு வாசலில் நீலப் பேசின். அவளும் அண்ணனும் வந்து நின்றார்கள், பின்னால் சுவரைப் பிடித்தபடி அப்பா. உள்ளே நாற்பதாயிரம் வாய் மெல்லுகிற சத்தம் கேட்டது. தண்டபாணி வாயைத் திறந்தான். கழு, கழு என்று தொடங்கி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது, மருந்துத் தண்ணீரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான், நாலு நாளாகச் சொல்லிப் பழகிய வார்த்தை எங்கே போய் ஒளிந்துகொண்டது, நனைச்சு மட்டும் முன்னால் வந்து நான் வரட்டுமா நான் வரட்டுமா என்கிறது, பல்லைக் கடித்தான். அவள் காத்துக்கொண்டிருந்தாள். "என்ன பண்ணோணுமுங்க?" என்றாள். அவன் பேசினைச் சுட்டிக் காட்டினான். மகன் ஊமையாக நிற்பதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் அப்பா பின்னாலிருந்து முழங்கினார்:

"வந்தவங்களக் கைய நனைச்சுட்டுப் போகச் சொல்லுடா!"

அடுத்த தோட்டத்தில் ஒரு நாய் குரைத்தது. ஜெகநாதன் திரும்பி அப்பாவைப் பார்த்தார், தண்டபாணியைப் பார்த்தார், புருவம் சுருங்கியது. தண்டபாணிக்கு வேன் திரும்புகிற சத்தம் கேட்டது, இங்கே வேனே இல்லை. "புழுவுக்குங்க," என்றான் ஒரு வழியாக. "நோய் வராம இருக்கறதுக்குங்க. அப்பா சொன்னது அந்த அர்த்தத்துல இல்லீங்க."

கோகிலவாணி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. கோபமா என்று அவன் பயந்து பார்த்தபோது அவள் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வர நின்றிருந்தாள். "தாராபுரத்துக்காரங்களத் தொரத்துனது இந்தப் பேசின்தானுங்களா?" என்றாள்.

"உங்களுக்கு... தெரியுமுங்களா?"

"ஆடு படுத்திருக்கும்னு வழி சொன்னீங்கல்ல, ஆடு இல்லாம டீக்கடையிலதான் கேட்டோம். கை நனைக்கச் சொல்ற தண்டபாணி ஊடானு கேட்டு, அந்தக் கதையையும் சொன்னாங்க." ஜெகநாதன், "கோகிலா," என்று ஒரு சத்தம் கொடுத்தார். அவள் அதற்குள் வளையலை மேலே தள்ளிவிட்டு, குனிந்து, இரண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் தண்ணீரில் முக்கினாள். முக்கி அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், சட்டென்று எடுக்கவில்லை. "நீங்களும் வாங்கண்ணா. உள்ள போகோணும்னா இதான் முறையாமா," என்றாள். ஜெகநாதன் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். யோசித்தார். யோசிச்சுச் சொல்றோம் என்பவர்கள் யோசிப்பது மாதிரி இல்லை அது, தண்ணீர் சில்லென்று இருக்குமோ என்று யோசிப்பது மாதிரி இருந்தது. அவரும் முக்கினார்.

புழுவை அவள் வெகுநேரம் பார்த்தாள், எத்தனை நாளில் கூடு கட்டும் என்று கேட்டாள், ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டாள், பயப்படவில்லை. திரும்பி வரும்போது, "சமையக்கட்டப் பாக்கலாமுங்களா?" என்றாள். பாத்திரம் கழுவவில்லை, துணியில் திப்பி அப்படியே கிடக்கிறது, தரையெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கறை, வேண்டாமுங்க என்று சொல்ல வருவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். முன்னறையில் அப்பா, "நாப்பது மூட்டையா?" என்று கேட்க, அண்ணன் அவர் காதருகில், "நாலுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். மேடையில் ஜக்கில் மீதி ஜூஸ் இருந்தது. அவளே ஒரு டம்ளரை எடுத்தாள், ஊற்றினாள், அண்ணாந்து ஒரு வாய் குடித்தாள். ஒரு சொட்டு தவறிச் சந்தன நிறச் சேலையில் மார்புக்குக் கீழே விழுந்து பரவியது. அய்யோ என்று தண்டபாணி எலுமிச்சந்தோலைத் தேடி ஓடினான். அவள் கறையை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது போகாதுங்க," என்றாள், வருத்தமில்லாமல், தொழில் தெரிந்தவள் சொல்கிற மாதிரி. பிறகு டம்ளரை உதட்டில் வைத்தே மீதியையும் குடித்து முடித்தாள்.

"நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்கும்போது அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அவள் நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தாள். "புளிக்குதுங்க," என்றாள். இரண்டாவது எலுமிச்சங்காய், அந்த நிறத்துக்கு ஆசைப்பட்டு, எவன் போடச் சொன்னான்? அவள் டம்ளரைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "மறுக்கா எப்பப் பழுக்குமுங்க?" என்றாள்.

"வெட்டாம உட்டா மூணு மாசத்துலங்க."

"அப்ப வெட்டாதீங்க," என்று சொல்லிக்கொண்டே துணியில் கிடந்த திப்பியை விரலால் தொட்டுப் பார்த்தாள், அவள் விரலும் கறுத்தது. "அடுத்த தடவ எலுமிச்சங்காய் ஒண்ணு மட்டும் போடலாம்."

போடலாம் என்றாள். தண்டபாணியின் மனசு அந்த வார்த்தையிலேயே போய் நின்றுகொண்டது. போடுங்க என்று சொல்லியிருக்கலாம், அது விருந்தாளி சொல்வது; போடுவாங்க என்றிருக்கலாம், அது ஊரார் சொல்வது. போடலாம் என்பதற்குள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் இரண்டு பேர் வந்தது.

"போடலாமுங்க," என்றான்.